விட்டுக் கொடுக்கிற பொத்தான்

கதிர்,

நீ அனுப்பிய செய்தியை டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தபடிதான் படித்தேன். “எல்லா டெஸ்டும் ஓகேம்மா. மேட்ச் ஆகுது. என் கிட்னி உனக்குத்தான். ஜெர்மனி வேலையைத் தள்ளி வெக்கச் சொல்லிட்டேன்” என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற பொம்மையும் போட்டிருந்தாய். அன்றிலிருந்து போனில் நான் இந்தப் பேச்சை எடுக்கும்போதெல்லாம் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சிறுநீரகம் எனக்கு வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதுதான் இந்தக் கடிதம். உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கிற இடத்தில் இதைப் போடுவதற்கும் காரணம் இருக்கிறது. சேலம் அஸ்தம்பட்டி டயாலிசிஸ் மையத்தில் எங்கள் வரிசையில் ஊசியோடு சாய்ந்திருக்கும் பலருடைய வீட்டிலும் இப்போது இதே பேச்சுதான் நடக்கிறது. அவர்களில் ஒருவர் இறந்துபோன விதத்தைச் சொல்லாமல் என் பதிலுக்குக் காரணம் சொல்ல என்னால் முடியாது. அந்த மரணத்தில் நாம் இருவரும் சேர்ந்து செய்த ஒரு பொருள் இருக்கிறது.

நான் ஊசிக்குப் பழகத் தொடங்கிய நாட்களை நினைத்துப் பார். இடது கையில் ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருந்தார்கள். நாலு மணி நேரம் அந்தக் கையை அசைக்கக் கூடாது. எதிர்ச்சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருக்கும், எனக்குப் பார்க்கப் பிடிக்காது. நீதான் பெங்களூரிலிருந்து உன் பழைய லேப்டாப்பை அனுப்பிவிட்டு, “நீ கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சவதானம்மா, ஏதாவது செய்யேன்” என்றாய். நான் படித்தது ஃப்ளாப்பியில் சேமித்த காலத்துப் படிப்பு. டிகிரி வாங்கிய கையோடு கல்யாணம் ஆனது. அதற்குப் பிறகு நான் எழுதிய புரோகிராம் ஒன்றுகூட இல்லை. பைத்தான் கணினி மொழியில் இணையப் பக்கம் செய்ய ஃபிரேம்வொர்க் என்று இலேசான ஒரு தயார்ச் சட்டகம் இருக்கிறது, அதில் ஆரம்பிக்கலாம் என்று நீதான் முடிவு செய்தாய். போனை ஸ்பீக்கரில் போட்டு என் மடித் தலையணை மேல் வைத்துக்கொள்வேன். நீ சொல்லச் சொல்ல, வலது கையால் மட்டும் தட்டுவேன். முதலில் புராஜெக்டுக்கென்று தனியாக ஓர் இடத்தை உருவாக்கச் சொன்னாய், மற்ற வேலைகளோடு கலந்துவிடாமல் இருக்க. பிறகு அந்த ஃபிரேம்வொர்க்கை இறக்கிக்கொள்ளச் சொன்னாய். பிறகு ஒரே ஒரு ஃபைல், அதில் கொஞ்சம் வரிகள். இந்த முகவரியை யாராவது கேட்டால் இந்த ஃபங்ஷன் பதில் சொல்லட்டும் என்பதுதான் அதன் சாரம். கீபோர்டில் ஷிஃப்டையும் அடிக்கோட்டையும் ஒரே கையால் சேர்த்து அழுத்த வராமல் நான் திணறியபோது, ஷிஃப்ட் தானாகவே பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு வசதியைத் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னாய். அன்றைக்குத் திரையில் “வணக்கம்” என்று வந்தது.

பக்கத்து நாற்காலி செங்கோடண்ணனுடையது. மல்லசமுத்திரம் பக்கத்துக்காரர். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரில்லராக வடநாடெல்லாம் சுற்றியவர். எட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க அம்மிணி, இத்தன நேரமாத் தட்டி ஒரு வணக்கந்தானுங்களா வந்துச்சு? என்னயக் கேட்டிருந்தா நானே ரெண்டு வணக்கம் போட்டிருப்பனுங்களே” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது. போனில் நீயும் சிரித்தாய். அப்போது நீ சொன்ன ஒரு விஷயத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். “பெரிய ஃபிரேம்வொர்க்குன்னா லாகின், அட்மின் எல்லாத்தையும் அதுவே தூக்கிட்டு வரும்மா. இது வெறுங்கையோட வரும். நீ வெச்சதுதான் இருக்கும், வெக்காதது இருக்காது. அதனாலதான் ஆரம்பிக்க ஈசி.” எனக்கு அது பிடித்திருந்தது. எனக்காக இன்னொருவர் முடிவு செய்து வைத்திருக்காத ஒன்று என் வாழ்க்கையில் அதற்கு முன்பு அதிகம் இருந்ததில்லை.

அந்தப் பக்கத்தை வைத்து என்ன செய்வது என்ற யோசனை பஸ்ஸில் வந்தது. ராசிபுரத்திலிருந்து சேலத்துக்கு வருகிற வழியில் வண்டி பழுதாகி நின்றால் எனக்குரிய நாற்காலி காலியாகக் கிடக்கும். அதே நேரத்தில் மூச்சு முட்டி வந்து வாசலில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை, இடம் இல்லை, மத்தியானம் பார்க்கலாம் என்பார்கள். யார் வரவில்லை என்பது டெக்னீஷியன் ரேவதிக்குத் தெரிவதற்குள் அந்த ஷிப்ட் பாதி போயிருக்கும். ஆகவே ஓர் இணையப் பக்கம். அன்றைய ஷிப்டில் இருப்பவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் இரண்டு பொத்தான்கள்: “வாரேன்”, “வரலை”. “வரலை” என்று யாராவது அழுத்தினால் அந்த இடம் காலி என்று மற்றவர்களுக்குத் தெரியும், வேண்டியவர் கேட்கலாம், கேட்டவருக்குப் போகும், ரேவதியின் திரையிலும் தெரியும். டாக்டரும் செய்து பாருங்கள் என்றார். நீ அதை ஒரு சர்வரில் ஏற்றிக் கொடுத்தாய். வாட்ஸப் குழுவில் சுட்டியைப் போட்டேன். கல்லூரியில் பட்டம் வாங்கிய நாளில்கூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

ஆனால் ஒருவர்கூட “வரலை” என்று அழுத்தவில்லை. ஆள் வராமலிருப்பார், பெயருக்கு எதிரில் “வாரேன்” என்று பச்சையாக இருக்கும். இரண்டாவது பொத்தான் வேலை செய்யவில்லை என்று நினைத்து நீயும் நானும் புரோகிராம் முழுக்கப் பிழை தேடினோம். பிழை எதுவும் இல்லை. கடைசியில் செங்கோடண்ணனின் மனைவி பாவாயி அக்காவிடம் கேட்டேன். முந்தைய நாள் அண்ணன் வராமலே “வாரேன்” என்று இருந்தது. அதை அழுத்தியது அந்த அக்காதான். “பின்ன என்னங்க அம்மிணி? உசுரக் காப்பாத்தற எடத்தப் பாத்து வரலைன்னு அமுத்தச் சொல்றீங்க. ஊட்ட உட்டுக் கெளம்பறப்பக்கூட வாரேன்னுதானுங்க சொல்லீட்டு வருவோம்? நல்ல நாளும் அதுவுமா அந்தப் பேச்ச என்ற கையால நான் போடவா?” என்றார். அவரைச் சுற்றி நின்ற எல்லோரும் தலையாட்டினார்கள். படித்தவள் நான், இதை யோசிக்காமல்தான் அந்தப் பொத்தானைச் செய்தேன். ஆனால் எனக்கு உடம்பு முடியாமல் போன ஒருநாள் நானும் “வாரேன்” என்றே விட்டிருந்தேன். அது அவர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதனால் சொல்லை மாற்றினேன். “வரலை” இருந்த இடத்தில் “என் முறையை விட்டுக் கொடுக்கிறேன்” என்று வைத்தேன். டெம்ப்ளேட்டில் ஒரே ஒரு வரிதான் மாறியது. மறுநாளே அழுத்த ஆரம்பித்துவிட்டார்கள். வர முடியாதவர்கள் அழுத்தினார்கள். சில வாரங்களில் வர முடிந்தவர்களும் அழுத்தினார்கள். பனமரத்துப்பட்டியிலிருந்து வருகிற பெண்ணுக்கு மூச்சு வாங்குகிறது என்று குழுவில் செய்தி வந்தால் போதும், யாராவது ஒருவர் தன் முறையைக் கொடுத்துவிடுவார். மறுநாள் அவரை எல்லோரும் கும்பிடுவார்கள். நீ ரொம்பப் பெருமைப்பட்டாய். உன் ஆபீசில் இதைக் காட்டியதாகச் சொன்னாய். நானும் பெருமைப்பட்டேன். எங்களுக்குக் கொடுக்க வேறென்ன இருக்கிறது? வேலை போய்விட்டது, உடம்பு போய்விட்டது, வீட்டில் எல்லோரும் எங்களுக்குச் செய்துகொண்டே இருக்கிறார்கள். மற்றவருக்குச் செய்கிற நிலையில் நாங்களும் இருக்கிறோம் என்று காட்டுவதற்கு அந்த ஒரு பொத்தான்தான் இருந்தது.

அதிகம் கொடுத்தவர் செங்கோடண்ணன். நான் கேட்டேன், “அண்ணா, இப்படித் தூக்கித் தூக்கிக் குடுத்தா உங்களுக்கு என்னத்துக்கு ஆகறதுங்க?” என்று. அவர் சிரித்தார். “ரிக்குல இதானுங்க பழக்கம். ஒருத்தன் நிக்க முடியாம நின்னான்னா அவன் ஷிப்ட இன்னொருத்தன் புடிச்சுக்குவான். கேக்கவே மாட்டம். நாளைக்கு நமக்கு முடியலைன்னா அவன் புடிப்பான். அதுக்கென்னங்க கணக்கு?” ரிக்கில் ஷிப்டை விட்டுக்கொடுப்பவன் தூங்கி எழுந்தால் சரியாகிவிடுவான். இங்கே விட்டுக்கொடுப்பவருடைய உடம்பில் தண்ணீரும் பொட்டாசியமும் ஏறிக்கொண்டே இருக்கும். இது எனக்குத் தெரியும், ரேவதிக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் முறையைக் கொடுத்தவருக்கு வேறு முறை கிடைத்ததா என்று அந்த இணையப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கும்படி நான் எழுதவில்லை. ரேவதி பார்ப்பாள் என்று நான் இருந்தேன். பக்கம் பார்க்கும் என்று ரேவதி இருந்திருக்கிறாள்.

மாசி கடைசியில் எனக்குக் காய்ச்சல் வந்தது உனக்கு நினைவிருக்கும். நெஞ்சு கனத்துப்போய், படுத்தால் மூச்சு அடைத்தது. என் முறைக்கு இன்னும் நாள் இருந்தது. அப்பா லாரி பாடி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு என்னைத் தாங்கிப் பிடித்து பஸ்ஸில் கூட்டிப் போனார். வழியில் போனில் பக்கத்தைத் திறந்து, இடம் வேண்டும் என்று கேட்டு வைத்தேன். மறுநிமிடமே ஓர் இடம் திறந்தது. செங்கோடண்ணன் முறை அது. கூடவே குழுவில் அவர் குரல் செய்தி ஒன்று வந்தது. “அம்மிணிக்குத்தானுங்க. போயிப் படுக்கச் சொல்லுங்க. நான் நல்லாத்தான் இருக்கறன்.” அதற்கு முந்தைய முறையையும் அவர் வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தார் என்பது எனக்குத் தெரியும். பெயர்ப் பட்டியல் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஆனால் மூச்சு முட்டும்போது மனிதர் எதையும் கூட்டிப் பார்ப்பதில்லை. நான் “வாரேன்” என்று அழுத்தினேன். நாற்காலியில் சாய்ந்தேன். சாயங்காலம் மூச்சு லேசாகி, பசித்தது. அப்பா இட்லி வாங்கி வந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் செங்கோடண்ணனைக் காரில் தூக்கிப் போட்டுக் கொண்டுவந்தார்கள். சேலம் எல்லைக்கு வருவதற்கு முன்பே இதயம் நின்றுவிட்டது. காலையில் இளநீர் குடித்தாராம், வெயிலுக்கு இதமாக இருக்கும் என்று. இளநீரில் இருப்பதும் பொட்டாசியம்தான். ஒரு முறையாவது மெஷினில் படுத்திருந்தால் அந்த இளநீரை உடம்பு தாங்கியிருக்கலாம் என்றார் டாக்டர். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் அவர் சொல்லவில்லை. அவர் தினமும் இப்படிப் பார்க்கிறவர்.

காரியம் முடிந்து பாவாயி அக்கா அண்ணனுடைய போர்வையை எடுத்துப் போக வந்தார். நாங்கள் எல்லோரும் சொந்தப் போர்வையை அங்கேயே அலமாரியில் வைத்திருப்போம். அன்றைக்கு நான் ஊசியோடு இருந்தேன். எழுந்திருக்க முடியாது. அவர் என் காலடியில் வந்து நின்று போர்வையை மடித்துக்கொண்டே கேட்டார், “கடேசியா அவரு உட்டுக் குடுத்தாரே, அது உங்களுக்குத்தானுங்களே அம்மிணி?”

“ஆமாங்கக்கா. எனக்குத்தான்.”

“செரி. அவரு கொரல் போட்டத நானுங் கேட்டன். இருந்தாலும் உங்க வாயால கேட்டுக்கலாம்னு.” போர்வையை இன்னொரு மடிப்பு மடித்தார். “ஒடம்பப் பாத்துக்கங்க. அவரு குடுத்தத வீணாக்கிப் போடாதீங்க.”

அதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. எப்போதும் டயாலிசிஸ் முடிந்து பஸ் நிறுத்தத்தில் நானும் அவரும் அண்ணனும் ஒன்றாக நிற்போம். ராசிபுரம் வண்டியில் ஏறி, அவர்கள் பாதி வழியில் இறங்கிக்கொள்வார்கள். அன்றைக்கு எனக்கு முடியும்வரை பாவாயி அக்கா வெளியே இருந்தார். நான் நிறுத்தத்துக்கு வந்தபோது ராசிபுரம் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் ஏறினேன். அவர் என்னைப் பார்த்தார், ஏறவில்லை. கண்டக்டர், “ஏனுங்க, வாரீங்களா இல்லீங்களா?” என்று இரண்டு தரம் கேட்டார். அவர் அடுத்த வண்டியில் வருவதாகக் கை காட்டினார்.

இதை உன்னிடம் போனில் சொன்னபோது நீ லேப்டாப்பைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, “அது ஒரு செக் விட்டுப்போச்சும்மா. ஒரு இஃப் கண்டிஷன் போட்டா முடிஞ்சது” என்றாய். நீ இதயமில்லாதவன் இல்லை. துக்கம் வந்தால் வேலைக்குள் போய் ஒளிந்துகொள்கிறவன், அப்பாவைப் போல. நீ சொன்னதும் உண்மைதான். ஒரு இஃப்தான். அன்றே உட்கார்ந்து எழுதினேன். முந்தைய முறையை விட்டவர் இந்த முறையை விட முடியாது. விடுகிறவருக்கு வேறு இடம் உறுதியாகாமல் அவர் பெயர் பட்டியலிலிருந்து போகாது. ரேவதி தன் கையால் சம்மதித்தால்தான் மாற்றம் நடக்கும். முன்பே இருந்திருக்க வேண்டியவை. இப்போது பக்கம் ஒழுங்காக ஓடுகிறது. முன்பளவு யாரும் விட்டுக் கொடுப்பதில்லை, யாரும் யாரையும் கும்பிடுவதும் இல்லை. சிலர் என்னிடம், “முன்ன நல்லா இருந்துச்சு” என்கிறார்கள்.

இனி உன் விஷயம். உன்னைத் தனியாக உட்கார வைத்து, யாராவது வற்புறுத்தினார்களா என்று டாக்டர் கேட்டதாகச் சொன்னாய். இல்லை என்று சிரித்தபடி சொன்னாயாம். உண்மைதான், யாரும் வற்புறுத்தவில்லை. செங்கோடண்ணனையும் யாரும் வற்புறுத்தவில்லை. கொடுக்கிறவர் நல்லவராகவும் வாங்குகிறவர் மூச்சு முட்டுகிறவராகவும் இருந்தால் வற்புறுத்தலுக்கு அங்கே வேலையே இல்லை. அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட கை என்னுடையது. அது எவ்வளவு சுலபமாக நீண்டது என்று எனக்குத் தெரியும். உன்னிடமும் அப்படியே நீளும். அதனால்தான் மூச்சு நன்றாக இருக்கிற ஒரு நாளில், தெளிவாக இருக்கும்போதே, வேண்டாம் என்று சொல்லி முடித்துவிடுகிறேன். நேற்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வாங்குகிறவர் சம்மதிக்காமல் இது நடக்காது. இறந்தவர்களிடமிருந்து வருவதற்கான பட்டியலில் என் பெயர் இருக்கிறது. யாரோ ஒருவருடைய வீட்டில் சாவு விழுந்தால்தான் எனக்கு வரும் என்ற கசப்போடு அதில் காத்திருக்கிறேன். அது வராமலே போகலாம் என்பதும் தெரியும்.

எனக்கு ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே. ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து முழுசாகக் குடிக்க வேண்டும் என்று தினமும் ஆசைப்படுகிறேன். வெயிலில் வந்த அப்பா தண்ணீர் குடிக்கும்போது அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதைக் கவனித்த பிறகு அவர் என் முன்னால் குடிப்பதில்லை. தன்னுடையதைத் தருவதற்கு அவர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவருடைய சர்க்கரை அதற்கு விடவில்லை. நான் உன்னுடையதை வேண்டாம் என்றதும் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, “பையன் மனசார குடுக்கறான், வாங்கிக்கறதுல உனக்கென்ன கௌரவம்?” என்று கேட்டார். கௌரவம் இல்லை. மகனிடம் வாங்கிக்கொண்ட தாய்மார்கள் இருக்கிறார்கள், நன்றாக இருக்கிறார்கள், அவர்கள் செய்தது தவறு என்று நான் சொல்லவில்லை. உனக்கு ஆபத்து மிகவும் குறைவு என்று டாக்டர் சொன்னதையும் நம்புகிறேன். ஆனால் இன்னொருவர் கொடுத்ததில் வாழ்வது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. காலையில் கண் விழித்ததும் அந்தக் குரல் செய்திதான் காதில் கேட்கிறது. நான் சமைப்பது, சிரிப்பது, அலுத்துக்கொள்வது எதுவாக இருந்தாலும், வீணாக்குகிறேனோ என்று ஒரு கேள்வி கூடவே வருகிறது. உன்னை நினைத்தும் அந்தக் கேள்வியோடு நான் கண் விழிக்க வேண்டும் என்று கேட்காதே. உன்னை எந்தக் கணக்கும் இல்லாமல் பார்க்க எனக்கு ஆசை. நீ தாமதமாகப் போன் செய்தால் திட்டுகிற உரிமை எனக்கு வேண்டும்.

இன்னொன்று, இது உனக்கு வலிக்கும். உன் ரத்தத்தைக் கொடுத்துப் பார்த்தாய், ஸ்கேன் எடுத்தாய், வேலையைத் தள்ளி வைத்தாய். ஆனால் நான் மெஷினோடு இருக்கும் நாலு மணி நேரத்தில் ஒரு தடவைகூட நீ என் பக்கத்தில் உட்கார்ந்ததில்லை. வாசல்வரை வருவாய், போன் வரும், வெளியே போய்விடுவாய். உனக்குப் பயம் என்று எனக்குப் புரிகிறது. இரண்டு ஊசிகளையும், ரத்தம் குழாயில் வெளியே சுற்றி வருவதையும் பார்க்க மாட்டாமல், இதற்கு ஒரேயடியாக முடிவு கட்டிவிடலாம் என்று உன் உடம்பில் ஒன்றை வெட்டிக் கொடுக்க வருகிறாய். அது அன்புதான். ஆனால் அதில் பாதி, இந்த அறைக்குள் வராமல் இருப்பதற்கு நீ தருகிற விலை.

ஜெர்மனிக்குப் போ. அவர்களுக்கு இன்றே எழுது, தள்ளி வைக்க வேண்டாம் என்று. போவதற்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஷிப்டுக்கு என்னோடு வா. செங்கோடண்ணன் நாற்காலியில் இப்போது கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் வந்திருக்கிறாள். அவள் பக்கம் பார்க்காமல் என் வலது கைப் பக்கம் ஸ்டூல் போட்டு உட்கார். ஊசி ஏற்றும்போது தலையைத் திருப்பாதே. எனக்கு நடுவில் ரத்த அழுத்தம் இறங்கி வாந்தி வரும், ரேவதி காலைத் தூக்கி வைப்பாள், கொஞ்ச நேரத்தில் சரியாகும். பயப்பட்டால் பயப்படு, எழுந்து மட்டும் போகாதே. அது முடிந்து வெளியே வந்த பிறகு, என் முடிவைப் பற்றி உனக்கு எவ்வளவு சண்டை போட வேண்டுமோ போடு. கேட்டுக்கொள்கிறேன். பதில் இதேதான்.

அம்மா